வலி போனால்தான் தூக்கமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 5 வாரம் ஆகிறது. தையல் நன்றாக ஆறிவிட்டது. பகலில் வாக்கர் பிடித்து நடக்கிறார். ராத்திரி ஆனால் வலி, தூக்கமே இல்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் கொஞ்சம் கண் மூடுகிறார். "வலி போனால் தூக்கம் தானாக வரும்" என்கிறார்கள் உறவினர்கள். தூக்க மாத்திரை வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தத் தலையணையை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் இதமாகத்தான் இருக்கும், அம்மா மேல் குற்றமில்லை. ஆனால் தினமும் ராத்திரி முழுக்க மடங்கியே கிடந்தால், கால் முழுசாக நீட்ட வராமல் போய்விடும். அப்புறம் விந்தி விந்தித்தான் நடக்க வேண்டியிருக்கும். தலையணை வேண்டுமென்றால் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதிக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுப்பதானால் இடது பக்கமாகப் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும்.

சரி, உறவினர்கள் சொல்வதற்கு வருவோம். வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் வலி ஏறும் என்பதைத்தான் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2019இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத இளைஞர்களை ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்க வைத்து, காலில் சூடு கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலியை உணரும் பகுதி வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தது. வலியை மட்டுப்படுத்த உதவும் பகுதிகளோ மந்தமாகிவிட்டன. நன்றாகத் தூங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடே, தூங்காதபோது வலித்தது. உங்கள் அம்மா காலையில் பிசியோதெரபிக்கு உட்காரும்போது "நேற்றைவிட இன்று ரொம்ப வலிக்கிறது" என்றால், மூட்டை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். முந்தின ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுப் பெண்களை ராத்திரியில் அடிக்கடி எழுப்பிவிட்டார்கள். இன்னொரு பிரிவினரை, மொத்தத் தூக்கம் அதே அளவு வரும்படி, தாமதமாகப் படுக்க வைத்தார்கள். அடிக்கடி எழுப்பப்பட்டவர்களுக்குத்தான் உடம்பு தானாக வலியை அடக்கும் திறன் குறைந்தது. அதாவது குறைந்த தூக்கத்தைவிடத் துண்டு துண்டான தூக்கம் கெடுதல். தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். தசையையும் திசுவையும் சரிசெய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அப்போதுதான். வயதானால் ஆழ்ந்த தூக்கம் இயல்பாகவே குறையும். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். ஹாலில் டிவி, நலம் விசாரிக்க ஒன்பதரை மணிக்கு வரும் போன், "தூங்கிட்டியாம்மா?" என்று கதவைத் திறந்து பார்ப்பது, இதெல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம். தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்துவிட்டுப் படுக்கும் முன் குறைத்துக்கொண்டால் பாத்ரூமுக்கு எழுவதும் குறையும்.

ராத்திரியில் வலி கூடுவதற்கும் காரணம் உண்டு. வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாக இருக்கும். பகலெல்லாம் நடந்த வீக்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் கஷ்டமான மடக்குப் பயிற்சிகளை மாலைக்குள் முடித்துவிடுங்கள். படுக்கும் முன் ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். ராத்திரி வேளை வலி மாத்திரையை "தாங்கிக்கொள்கிறேன்" என்று தள்ளிவிடும் அம்மாக்கள் நிறையப் பேர். உங்கள் அம்மாவும் அப்படியா என்று பாருங்கள். அது சேமிப்பு இல்லை, மறுநாள் வலிக்கு வழி. மாத்திரையைப் படுப்பதற்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமே கேளுங்கள்.

பகல் தூக்கம் மத்தியானம் அரை மணியோடு நிற்கட்டும். சாயந்திரக் காபியையும் இப்போதைக்கு விடச் சொல்லுங்கள். குடித்த காபியின் வீரியம் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கித் தரவே வேண்டாம். அரைத் தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுந்தால், புதிய மூட்டின் கதி என்ன? டிராமடால் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அம்மாவுக்குக் குறட்டை அதிகம், நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

5 வாரத்தில் தூக்கம் சரியாகாதது அபூர்வமில்லை. பலருக்கு 3 மாதம் வரைகூட ஆகிறது. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், ராத்திரி 2 மணியானாலும் விடியும்வரை பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.