அப்பாவின் ஹெரால்டு காருக்கு 13,500 ரூபாயில் கவர் தேவையா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. அப்பா காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. 1968-ல் பதிவான அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வீட்டை ஒட்டிய எங்கள் சொந்த இடத்தில், திறந்தவெளியில் நிற்கிறது. ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எடுத்து ஒரு சுற்றுப் போய் வருகிறேன். விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் கடல் காற்றும் தூசியும் அதை அரித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடையில் தொங்கும் வெள்ளி நிறக் கவர் 1,300 ரூபாய். மூன்று அடுக்குத் துணியில் அளவெடுத்துத் தைத்துத் தர 13,500 கேட்கிறார்கள். மேலே கூரை போட்டால் 85,000 ஆகுமாம். அதற்கு நகையை வங்கியில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன், வட்டி 10 சதவீதம். பக்கத்துத் தெருவில் மூடிய இடத்தில் நிறுத்த மாத வாடகை 3,000. கையில் அகவிலைப்படி நிலுவையாக வந்த 42,000 இருக்கிறது. அதில் ஜூன் மாதம் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் 20,000 கட்ட வேண்டும். முழுக்க பெயிண்ட் அடிக்க 90,000 ஆகும் என்று டிங்கர் சொல்லியிருக்கிறார். ஒரு துணிக்கு 13,500 கொடுப்பது வீண் என்கிறார் கணவர். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும். என்ன செய்யட்டும்?

- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தைத்த கவரை வாங்குங்கள். நகையை வைக்காதீர்கள், வாடகை இடமும் வேண்டாம். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் கவலை தந்தது.

முதலில் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். துணிக்குத் துணி பார்த்தால் அவர் சொல்வது சரி. வெள்ளிக் கவர் நம் வெயிலில் ஒரு வருஷம் வரும். அதற்குள் அந்த வெள்ளிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். நாலு வருஷத்துக்கு நாலு கவர் என்றால் 5,200 ரூபாய். தைத்த கவர் நாலு வருஷம் வந்தால் 13,500. ஆக 8,300 ரூபாய் கூடுதல். இனி பெயிண்ட் செலவைப் பாருங்கள். 90,000 ரூபாய் பெயிண்ட் எட்டு வருஷம் நிற்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 11,250 ரூபாய். நல்ல கவர் அந்தப் பெயிண்ட் வேலையை ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் போதும், கூடுதல் பணம் திரும்பி வந்துவிடுகிறது. மோசமான கவர் அதை ஒரு வருஷம் முன்னால் இழுத்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இழுத்துவிடும் என்று நான் சொல்வது அனுபவித்ததால். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய ஃபியட் நின்றது. புரட்டாசியில் நீலத் தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, ஒரு சொட்டுகூட உள்ளே போகாது என்று நிம்மதியாக இருந்தோம். தை பிறந்ததும் அவிழ்த்தோம். ஒரு சொட்டுகூடப் போகவில்லைதான். ஆனால் உள்ளே இருந்த ஈரம் வெளியேயும் போகவில்லை. கூரைப் பெயிண்ட் அப்பளம் போலப் பொங்கியிருந்தது. டிக்கியில் விரித்திருந்த மேட்டைத் தூக்கி விரலால் அழுத்தினேன், தகரம் உடைந்து விரல் உள்ளே போனது. அப்பா ஒன்றும் சொல்லாமல் மேட்டைத் திரும்ப மூடினார்.

கார்த்திகை மாதத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தால் கல்லுப்பு கசிந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். காசிமேட்டுக் கடற்கரைப் பக்கமிருந்து வரும் காற்று உங்கள் காரின் மேல் அந்த உப்பைத்தான் மெல்லியதாகப் பூசிவிட்டுப் போகிறது. மழையே பெய்யாவிட்டாலும் விடியற்காலையில் அந்தத் தகடு ஈரமாகவே இருக்கும். இதன் மேல் பிளாஸ்டிக் போர்த்தினால் வெயில் ஏறும்போது உள்ளே ஆவி கட்டுகிறது. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும், உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். மூன்றையும் நாமே மூடி வைத்துக் காப்பாற்றுகிறோம். அதனால் நம் பக்கத்தில் தண்ணீர் புகாத துணியைத் தேடுவதைவிட மூச்சு விடும் துணியைத் தேடுவது முக்கியம். நல்ல மூன்று அடுக்குக் கவரில் நடு அடுக்கு மிக நுண்ணிய துளைகள் உள்ள ஒரு படலம். மழைத்துளி அதில் நுழையாது, ஆவி வெளியேறும்.

இதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து நம்ப வேண்டாம். அதே துணியில் உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்குங்கள். கொதிக்கும் வெந்நீர் உள்ள டம்ளரின் வாயில் அதை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டில் ஆவி படிந்தால் துணி மூச்சு விடுகிறது. அப்புறம் வெந்நீரைக் கொட்டிவிட்டு, டம்ளரைத் துடைத்து, துணியைத் திரும்பக் கட்டி அதன் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். டம்ளருக்குள் சொட்டாமல் இருந்தால் வாங்கலாம். இரண்டில் ஒன்றில் தோற்றாலும் 13,500 கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. மாறியதும், தைக்கக் கொடுக்கும்போது காரையே கொண்டுபோங்கள். கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கொடுத்தாலும் சரி, உங்கள் பக்கத்து சீட் கவர் கடையில் கொடுத்தாலும் சரி, ஹெரால்டுக்கு ரெடிமேட் அளவு இருக்காது. ஏறக்குறைய 13 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள கார். இன்றைய ஹேட்ச்பேக் கவரைப் போட்டால் உயரம் அதிகமாகித் தொளதொளவென்று ஆடும். எண்ணூர், மணலி பக்கத்து நிலக்கரித் தூசும் சாம்பலும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்து படிகிற இடத்தில், ஆடுகிற கவர் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரிதான். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், அடியில் வயிற்றுப் பட்டை இரண்டு இருக்க வேண்டும், பக்கிள் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கூரையின் நடுவில் தையல் வராமல் வெட்டச் சொல்லுங்கள், மழை முதலில் இறங்குவது தையல் ஓட்டையில்தான். உள்பக்கம் பஞ்சு ஃபிளானல் வைக்கவா என்று கேட்பார்கள். வீட்டுக்குள் நிற்கும் காருக்கு அது அருமை. வெளியே நிற்கும் காருக்கு வேண்டாம், ஐப்பசியில் நனைந்தால் மார்கழி வரை காயாது. மென்மையான சிந்தெடிக் உள்துணி போதும். அப்பா காலத்து ஹெரால்டில் டுக்கோ என்ற பழைய வகைப் பெயிண்ட் அடித்திருந்தால், அதன் மேல் இன்றைய கார்களுக்கு இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சின் பாதுகாப்பு இல்லை. கீறல் நேராகப் பெயிண்டில்தான் விழும்.

கவர் வந்த அன்றே போர்த்திவிடாதீர்கள். பள்ளிக் கட்டணத்துக்கு 20,000 ஒதுக்கினால் மீதி 22,000. கவருக்கு 13,500 போக 8,500 இருக்கும். அதில் ஒரு 4,000 ரூபாயை அடிப்பாகத்துக்குச் செலவிடுங்கள். காரைத் தூக்கி, அடியில் நன்றாகக் கழுவி, கதவுகளின் கீழ் விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, துரு தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பூட்டியது. ஒவ்வொரு இணைப்பும் உப்பு தங்கும் இடுக்கு. அங்கே கவர் எட்டாது. மீதி 4,500 கையில் இருக்கட்டும், ஆர்.சி. வேலைக்கு வேண்டும்.

இன்னொன்று, காரைப் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, நாக்கில் வைத்தாலே தெரியும். மெட்ரோ தண்ணீர் இரண்டு குடம் போதும். காய்ந்த துணியால் தூசி துடைக்கவும் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு துணி, நன்றாகக் காய்ந்த பிறகு கவர். ஞாயிற்றுக்கிழமை இதற்கெல்லாம் நல்ல நாள்: கவரை மொட்டை மாடியில் உதறிக் காயப்போடலாம், எலி கூடு வைத்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை கவரையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தீபாவளி இரவு கவரைக் கழற்றிவிடுங்கள். பொறி விழுந்தால் துணி உருகிப் பெயிண்டிலேயே ஒட்டிக்கொள்ளும். புயல் எச்சரிக்கை வந்தாலும் கவரை நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவர்களில் கறையாக நின்றதைப் பார்த்தோம். அப்படி ஒரு நாளில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றுதான் வழி.

இப்போது ஆர்.சி. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. தாமதக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடலாம். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சுற்றை நிறுத்தி வையுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நீங்கள் ஓட்டி, யாருக்காவது அடிபட்டால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்கும். அந்த நஷ்டத்தின் முன்னால் பெயிண்ட் செலவு ஒன்றுமே இல்லை. ஆர்.சி. மாறியதும் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பாலிசி புதுப்பிக்கும்போது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய காருக்கு மதிப்பு என்ன என்பதை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான் நடைமுறை. அதனால் காரின் நாலு பக்கமும், எஞ்சினும், உள்புறமும் புகைப்படம் எடுத்து, டிங்கரின் மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். வெள்ளமும் தீயும் திருட்டும் அதில் அடங்கும். துரு ஒருநாளும் அடங்காது. தேய்மானத்துக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. துருவுக்கு நீங்கள் எடுக்கக்கூடிய ஒரே பாலிசி அந்த 13,500 ரூபாய் கவர்தான்.

50 வருஷம் தாண்டிய கார் என்பதால் யாராவது விண்டேஜ் பதிவு செய்யச் சொல்வார்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்குப் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மகனை உட்கார வைத்து ஞாயிறு மாலை ஒரு சுற்றுப் போவதுதான் உங்களுக்கு இந்தக் கார். சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள்.

கூரை விஷயத்துக்கு வருகிறேன். கூரை நல்ல யோசனைதான், நகைக்கடன்தான் வேண்டாம். 85,000-க்கு 10 சதவீதம் என்றால் வருஷம் 8,500 வட்டி. கவர் விலையில் பாதிக்கும் மேல், ஒவ்வொரு வருஷமும். வாடகைக்கு மாதம் 3,000 கொடுக்க முடியும் என்று நினைத்தீர்கள் அல்லவா? அதே 3,000-ஐ வங்கியில் ஆர்.டி. போடுங்கள். 28 மாதத்தில் நீங்கள் கட்டியது மட்டும் 84,000, வட்டியோடு 85,000-ஐத் தாண்டிவிடும். விலை ஏறியிருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். வாடகையாகக் கொடுத்திருந்தால் அதே 84,000 போயிருக்கும், கூரையும் இருக்காது. கூரை போடும்போது பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். வெறும் தகர ஷீட் நம் பக்கத்தில் சீக்கிரம் துருப்பிடித்து, அந்தத் துருத் தண்ணீரே காரின் மேல் சொட்டும். யூ.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் ஷீட் விலையையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அந்த டம்ளர் சோதனையை இரண்டு பேரும் சேர்ந்தே செய்து பாருங்கள். துணி தேறிய பிறகு முன்பணம் கொடுத்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் தைத்து வந்துவிட வேண்டும் என்று மட்டும் கடைக்காரரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.