எம்.எல்.ஏ. சட்டப்பேரவையில் ஊர்ப் பிரச்சினையைக் கேட்பதால் ஏதாவது நடக்குமா?

நடக்கும், ஆனால் உடனே நடக்காது. "எங்கள் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று உறுப்பினர் கேட்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2022 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அமைச்சர் வாசிக்கும் முதல் பதில், துறை அதிகாரிகள் முன்பே தயாரித்துக் கொடுத்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி, பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அதனால் தேவை எழவில்லை என்று முடிந்துவிடும்.

சூடு பிடிப்பது, அந்தப் பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான். "பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள், அந்த வழியில் பேருந்தே இல்லையே, துணை சுகாதார நிலையமாவது தருவீர்களா?" என்று கேட்டால் அமைச்சர் தாளைப் பார்த்துத் தப்பிக்க முடியாது. தொகுதியைச் சுற்றி வருபவர் யார் என்பதும் இங்கே தெரிந்துவிடும். கிடைத்த நேரத்தைக் கட்சித் தலைவரைப் புகழ்ந்தே தீர்ப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.

"நிதி நிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்றால் பெரும்பாலும் இந்த ஆண்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "செய்து தரப்படும்" என்று தெளிவாகச் சொன்னால் அது அவைக் குறிப்பில் ஏறிவிடும். அப்புறம் அதைத் துரத்துவதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்தும் ஆய்வு செய்கிறார்கள். உங்கள் ஊர் வாக்குறுதி நிலுவையில் இருந்தால், குழு வரும்போது மனு கொடுங்கள்.