சமையல் கேள்வி-பதில்: பிள்ளையின் பிறந்தநாளும் நாலு மணிப் பலகாரமும்

கேள்வி: மகளுக்கு 3 வயது நிறைகிறது. புளோக் கீழ்த்தளத்தில் மாலை 4 மணிக்குக் கேக் வெட்டுகிறோம். 12 பிள்ளைகள், 15 பெரியவர்கள். கேட்டரிங் கட்டுபடியாகாது. என்ன செய்யலாம்? (வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: நேரத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவார்கள், பலகாரம் போதும். அழைப்பிலேயே '4 முதல் 6 வரை' என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். கேக் தவிர நாலு வகை போதும்: சார்டின் சாண்ட்விச், குட்டி இட்லி, அகர் அகர் (கடற்பாசி ஜெல்லி), பழம்.

சாண்ட்விச்சுக்கு 24 துண்டு ரொட்டி, 425 கிராம் சார்டின் டின் இரண்டு. நடுமுள்ளை எடுத்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, மீனையும் டின்னில் இருக்கும் குழம்பில் கொஞ்சத்தையும் சேர்த்து நீர் வற்றும்வரை கிளறி, எலுமிச்சை பிழியுங்கள். ரொட்டி நசநசவென்று ஆவதற்கு இரண்டு காரணம்: குழம்பு வற்றாதது, சூட்டோடு தடவுவது. ஆறவிட்டு, ரொட்டியில் மெல்லியதாக வெண்ணெய் பூசிய பிறகே மீனை வையுங்கள்; வெண்ணெய் ஈரத்தைத் தடுக்கும். நாலாக வெட்டினால் 48 முக்கோணம். பிள்ளைக்கு இரண்டு போதும். டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்றரைக்கு எடுங்கள்.

இட்லிக்குக் கடை மாவு 2 கிலோ. தட்டின் குழியைப் பொறுத்து 170, 180 குட்டி இட்லி வரும். 8 நிமிடம் வேகட்டும். பிள்ளைகளுக்கு நெய் மட்டும் போட்டுப் புரட்டுங்கள். கடை இட்லிப் பொடியில் வேர்க்கடலை கலந்திருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். யாருக்கு எது ஒவ்வாது என்று அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: மாமியார் காலை 10 மணிக்கே பீஹூன் (மெல்லிய அரிசிச் சேமியா) பிரட்டி, பாத்திரத்தை இறுக மூடி வைத்துவிடுவார். மாலை 4 மணி வரை தாங்குமா? (வாசகி, ஈசூன்)

பதில்: தாங்காது. கெட்டுப்போன வாடைகூட வராது, அதுதான் சங்கடம். பீஹூன் அரிசிமாவில் செய்தது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி வரும். எலுமிச்சைச் சாதம், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சாதம்) எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். இறுக மூடிய பாத்திரம் ஆறு மணி நேரமும் அந்த வெதுவெதுப்பைக் கட்டிக் காக்கிறது. மாமியாரிடம் மூன்று மணிக்குப் பிரட்டச் சொல்லுங்கள். காலையில்தான் முடியும் என்றால், இரண்டு அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாறும் முன் வாணலியில் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காமல், சமைத்து 4 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். கேட்டரிங் உணவோடு வரும் நேரச் சீட்டிலும் இதே 4 மணி நேரக் கணக்குதான்.

கேள்வி: போன வருடம் ஜெலட்டின் ஜெல்லி மேசையிலேயே உருகித் தண்ணீராகிவிட்டது. என்ன தவறு? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: உங்கள் தவறில்லை; நம் ஊர் வெயில். ஜெலட்டின் 30 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். அகர் அகர் உருக 85 டிகிரி வேண்டும். கடற்பாசியில் செய்தது என்பதால் சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் யோசிக்காமல் சாப்பிடலாம்.

12 கிராம் தூள், 1 லிட்டர் தண்ணீர், 120 கிராம் சீனி, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு. தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் கொட்டினால் கட்டி தட்டும். கொதி வந்ததும் 2, 3 நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கம் மணல் மணலாக ஒட்டினால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம். அப்படியே இறக்கினால் சரியாக உறையாது. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பிறகு. புளிப்போடு கொதித்தால் உறையும் சக்தி குறையும். தேங்காய்ப்பால் வேண்டாம், சீக்கிரம் கெடும்.

சின்னக் கிண்ணத்தில் உறைய வைக்காதீர்கள். பிள்ளைகள் வாயை வைத்து உறிஞ்சும்போது முழுத் துண்டும் தொண்டைக்குள் போய் அடைக்கும். தட்டில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மெல்லிய கீற்றாக வெட்டுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் திராட்சை, ஃபிஷ்பால், பாப்கார்ன் வைக்கலாமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டி வைக்கலாம். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், தொண்டையில் மூடிபோல் உட்கார்ந்துவிடும். ஃபிஷ்பாலும் சாசேஜும் அப்படியே நீளவாக்கில்தான். பாப்கார்ன், முழுக் கடலை, மார்ஷ்மெல்லோ, கெட்டி மிட்டாய் இந்த வயதுக்கு வேண்டாம். மிட்டாயைப் பரிசுப் பையிலும் போடாதீர்கள். பாய் விரித்து உட்கார வைத்துக் கொடுங்கள், ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள். இருமவோ அழவோ சத்தம் வராமல் பிள்ளை திணறினால் உடனே முதலுதவி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கட்டும்.