ரப்பர் ஷீட் கொட்டகைக் கழிவுநீரை நுண்ணுயிர்க் கரி சுத்தமாக்குமா?

கேள்வி: குலசேகரம் அருகே இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறேன். ஷீட் அடிக்கும் கழிவுநீர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழிக்குப் போகிறது. நாற்றம் தாங்கவில்லை. மழைக்குக் குழி நிரம்பி வழிந்து, இப்போது கிணற்றுத் தண்ணீரிலும் வாடை வருகிறது. காற்றுப் படாமல் சுட்ட உயிர்க்கரியில் நுண்ணுயிர் ஏற்றிப் போட்டால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: கழிவுநீரின் நாற்றமும் அழுக்கும் குறையும், ஆனால் கரியைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினால் ஆகாது. அதற்கு முன், அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குழியையும் கிணற்றை விட்டுத் தள்ளி, மழைநீர் வந்து சேராத, கிணற்றை நோக்கிச் சரியாத இடத்துக்கு மாற்றுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கொட்டுகிறது; பள்ளத்தில் வைத்த குழி வழியாமல் இருக்காது.

உங்கள் கழிவுநீரில் இருப்பது ரப்பர் பாலின் புரதமும் சர்க்கரையும், உறைய ஊற்றிய ஃபார்மிக் ஆசிட்டின் மிச்சமும்தான். புரதம் காற்றில்லாமல் அழுகுவதால் நாறுகிறது. இவையெல்லாம் நுண்ணுயிருக்குத் தீனி. கரியின் நுண்துளைகளில் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்வதால் ஓடும் நீர் அடித்துப் போகாது.

ஆனால் புளித்த நீரில் அவை செழிக்காது. முதல் தொட்டியில் ரப்பர் துணுக்குகள் மிதந்து ஒதுங்கட்டும். வாரி எடுங்கள், விட்டால் கரியை அடைத்துவிடும். அடுத்த தொட்டியில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, புளிப்பைக் காட்டும் பி.எச். தாளில் 7-க்குப் பக்கம் வந்த பிறகே, நுண்ணுயிர் ஏற்றிய கரி நிரப்பிய மூன்றாவது தொட்டிக்கு விடுங்கள்.

கரிக்குத் தேங்காய்ச் சிரட்டையே போதும். காற்றுப் படாமல் மூட்டம் போட்டு எரித்து, பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளுங்கள். உங்கள் குழியோரச் சேற்றையும் பழைய சாணத்தையும் கரைத்த நீரில் ஒரு வாரம் ஊறட்டும், தினமும் கிளறுங்கள். பயிர் நோய்க்கு விற்கும் சூடோமோனாஸ் பாக்கெட்டை இதற்காக வாங்க வேண்டாம். இந்தக் கழிவிலேயே பிழைத்துப் பழகிய சேற்று நுண்ணுயிர்தான் மேல். கரி காய்ந்தால் அவை செத்துவிடும் என்பதால் ஷீட் அடிக்காத நாளிலும் ஈரம் காக்கவும். வெளிவரும் நீரைக் கிணற்றுக்கு எட்டாத தென்னை, வாழைத் தடங்களுக்குத் திருப்பிவிடலாம். நீர் இறங்காமல் தேங்கினால் கரியை மாற்றுங்கள். பழைய கரி தென்னந்தடத்துக்கு உரம்.

இலையுதிர்வு நோய்க்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பவர் என்றால், அந்த வாளியையும் ஸ்பிரேயரையும் கொட்டகையில் கழுவவே கூடாது. மயில்துத்தத்தின் செம்பு, கரியில் ஏற்றிய நுண்ணுயிரைக் கொல்லும். ஷீட்டில் பட்டால் ரப்பரின் தரமும் கெடும். செம்பை எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க முடியாது. கரி அதைப் பிடித்து மட்டும் வைக்கும். அந்தக் கரியைத் தென்னைக்கும் போட முடியாது.