புல்பென்னில் கலக்கும் இளம் பிட்சரை அங்கேயே விட்டுவிடலாமா?

கேள்வி: ஸ்டார்ட்டராக வர வேண்டிய ஒரு பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்), ரிலீவராக இறங்கி எல்லாரையும் ஊதித் தள்ளுகிறார். அவரை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லதா, ஆட்டத்தைத் தொடங்க விடுவது நல்லதா? 2025 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ரோக்கி சசாகியைப் பார்த்த பிறகு வந்த சந்தேகம் இது.

தொடங்க விட வேண்டும் என்பதுதான் என் கட்சி. அவரால் முடியாது என்று அவருடைய கையோ எதிரணி பேட்டர்களோ சொல்லும் வரைக்கும். நியூ ஜெர்சிக்கு வந்து, நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்துத்தான் நான் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டேன். அதனால் உதாரணங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: ஸ்டார்ட்டர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஐந்தாறு இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது), தொண்ணூறு நூறு பந்து வீசுபவர். ரிலீவர் பிற்பாதியில் வந்து ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போவார், ஆனால் வாரத்தில் மூன்று நாள்கூட வரலாம். ரிலீவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் இடம்தான் புல்பென். டெஸ்ட்டில் நாள் முழுக்க ஓடிவந்து வீசும் பவுலருக்கும், டி20யில் கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் வருபவருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிலீவர்களின் எண்கள் எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கும். பதினைந்து இருபது பந்துதான் வீசப்போகிறோம் என்று தெரிந்தால் யாரும் கையில் மிச்சம் வைக்க மாட்டார்கள். வேகம் மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடும். ஒரே பேட்டரை ஓர் ஆட்டத்தில் இரண்டாவது முறை பார்க்க வேண்டிய தேவை அநேகமாக வராது. ஃபாஸ்ட்பாலும், பக்கவாட்டில் விலகும் ஒரு ஸ்லைடரும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டருக்கு அப்படி இல்லை. பேட்டிங் வரிசையின் மூன்றாவது சுற்றில் வரும் பேட்டர் முதல் சுற்றைவிட நன்றாக அடிப்பார் என்பது பல வருடக் கணக்கில் உறுதியான விஷயம். மூன்றாவது வகையாக ஒரு நல்ல பந்து, முக்கியமாக எதிர்க்கைப் பேட்டருக்கு (வலக்கைப் பிட்சருக்கு இடக்கை பேட்டர்) எதிராக, இல்லாதவர் அங்கேதான் மாட்டுவார்.

ஆகவே புல்பென்னில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் சேரும் சராசரி ரன், குறைந்தால் நல்லது) 2 வைத்திருப்பவர் ஸ்டார்ட்டராகவும் 2 வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒருவேளை 3.50க்கு ஏறிவிடும். ஏறட்டுமே! 65 இன்னிங்ஸ் வீசுபவரைவிட 170 இன்னிங்ஸ் வீசுபவர் அணிக்குப் பெரும்பாலும் அதிகம் தருகிறார். குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் ரிலீவர், வீசும் இன்னிங்ஸ் நெருக்கடியானது என்பது வாஸ்தவம். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3 ரன் முன்னிலை இருந்தால், சாதாரண ரிலீவர் வந்தாலும் ஆட்டம் பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. சம்பளமும் இதைத்தான் சொல்கிறது. 2022இல் எட்வின் டியாஸுக்கு நியூயார்க் மெட்ஸ் அணி கொடுத்த 5 வருட, 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம் அப்போது ரிலீவர்களில் சாதனை. அதற்கு மூன்று வருடம் முன்பே ஸ்டார்ட்டர் கெரிட் கோல் 9 வருடத்துக்கு 324 மில்லியன் வாங்கியிருந்தார்.

இந்த விவாதம் வந்தாலே நியூயார்க்கில் ஒரு பெயர் வரும்: ஜோபா சேம்பர்லெய்ன். 2007 ஆகஸ்டில் யாங்கீஸுக்கு வந்தார். 19 ஆட்டம், 24 இன்னிங்ஸ், 34 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்கவிடாமல் பந்தாலேயே அவுட்டாக்குவது), அவர் கணக்கில் ஒரே ஒரு ரன். ஈ.ஆர்.ஏ. 0.38. அவர் கை கெட்டுவிடக் கூடாதென்று ஒரு இன்னிங்ஸ் வீசினால் மறுநாள் ஓய்வு, இரண்டு வீசினால் இரண்டு நாள் ஓய்வு என்று நிர்வாகம் விதி போட, அதற்கு 'ஜோபா விதிகள்' என்றே பெயர் வந்துவிட்டது. (அந்த அக்டோபரில் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிப் பக்கமிருந்து வந்த பூச்சிக்கூட்டம் அவர் கழுத்திலும் முகத்திலும் மொய்த்ததையும், அந்த இன்னிங்ஸில் முன்னிலை போனதையும் யாங்கீஸ் ரசிகர்கள் இன்னும் சொல்லிப் புலம்புவார்கள். அந்த நிலைமைக்கு எந்த விதியும் போட்டுவைக்கவில்லை.)

2008ஐ புல்பென்னில் தொடங்கினார். ஜூனில் ஸ்டார்ட்டர் ஆக்கினார்கள். முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ்கூடத் தாண்டவில்லை, ஆனால் அப்புறம் பிடித்துக்கொண்டார். 12 ஆட்டங்களைத் தொடங்கி, 3க்குக் கீழே ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தார். ஆகஸ்டில் டெக்சாஸில் தோள்பட்டை வலி. 2009இல் 31 ஆட்டம் தொடங்கினார், ஈ.ஆர்.ஏ. 4.75. அந்த வருடம் இன்னிங்ஸ் வரம்பு போட்டு, சீசன் கடைசியில் மூன்று இன்னிங்ஸ் முடிந்ததும் வெளியே எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் மறுபடி புல்பென். 2010 வசந்தகாலப் பயிற்சியில் ஐந்தாவது ஸ்டார்ட்டர் இடம் ஃபில் ஹ்யூஸுக்குப் போனது, இவர் திரும்ப ரிலீவர். 2011இல் முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை.

"அவனை எட்டாவது இன்னிங்ஸிலேயே விட்டிருந்தால் பெரிய ஆளாகியிருப்பான்" என்று இங்கே பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2008இல் அந்த 12 ஆட்டங்களில் அவர் சொதப்பவில்லை, தோள்தான் கைவிட்டது. அதற்கப்புறம் பழைய வேகம் முழுசாகத் திரும்பவில்லை. நான் யாங்கீஸைக் குறை சொல்வது ஸ்டார்ட்டர் ஆக்கியதற்காக அல்ல. மூன்று வருடத்தில் வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்ததற்காக, அதிலும் சீசன் நடுவில்.

இதற்கு நேரெதிர் கிறிஸ் சேல். 2010இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்து, அதே ஆகஸ்டில் ரிலீவராக இறக்கியது. ஒல்லி உடம்பு, விசித்திரமான கைவீச்சு. இந்தக் கை ஸ்டார்ட்டருக்குத் தாங்காது என்று எழுதாத ஆள் இல்லை. 2012இல் ஸ்டார்ட்டர் ஆனார். மே மாதம் முழங்கை லேசாக வலிக்க, அணி உடனே குளோசராக மாற்றியது. அவர் விடவில்லை, நிர்வாகத்திடம் வாதாடிச் சில நாட்களிலேயே பழைய இடத்தைப் பிடித்தார். அந்த வருடம் 17 வெற்றி. 2017இல் 308 ஸ்ட்ரைக் அவுட். முழங்கை அறுவை சிகிச்சை கடைசியில் வந்தது, 2020இல். அதற்குப் பின் 2024இல் அட்லாண்டாவுக்கு ஆடி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். குளோசராகவே விட்டிருந்தால் அந்த முழங்கை தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிலீவர்களுக்கும் முழங்கை போகிறது. கெரட் குரோஷே 2021இல் முழுக்க ரிலீவராகத்தான் வீசினார், 2022இல் அவருக்கும் அறுவை சிகிச்சை. ஸ்டார்ட்டர் ஆனது அதற்குப் பிறகு. 2025இல் பாஸ்டனுக்கு 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார்.

"அப்போ மரியானோ ரிவேரா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், யாங்கீஸின் புகழ்பெற்ற குளோசர் ஆயிற்றே. ஆனால் ரிவேரா முதலில் ஸ்டார்ட்டராக முயன்று பார்த்தவர். 1995இல் 10 ஆட்டம் தொடங்கினார், அந்த வருட ஈ.ஆர்.ஏ. 5.51. பேட்டர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் புல்பென், கட்டர் என்ற அவருடைய பெயர்போன பந்து, 652 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது) எல்லாம். டென்னிஸ் எக்கர்ஸ்லியும் பத்து வருடத்துக்கு மேல் ஸ்டார்ட்டராக ஓடிய பிறகே குளோசர் ஆனார். ஜான் ஸ்மோல்ட்ஸ் 1996இல் சை யங் வாங்கிய ஸ்டார்ட்டர். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குளோசராகி 2002இல் 55 சேவ் எடுத்தார். 2005இல், 38 வயதில், திரும்ப ஸ்டார்ட்டராகி 229 இன்னிங்ஸ் வீசினார். அவரை எல்லாருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது, அந்த மனிதர் தனி ரகம்.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான பெயர் டேனியல் பார்ட். பாஸ்டனின் அருமையான ரிலீவர், 2012இல் ஸ்டார்ட்டராக்கினார்கள். ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் (நான்கு பந்து குறி தவறினால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) அதிகம் கொடுத்தார்; ஜூனில் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள்; மறுபடி நிமிர்ந்து நின்றது 2020இல் கொலராடோவில். ஆனால் அவர் மைனர் லீகில் ஸ்டார்ட்டராக இருந்தபோதே, 2007இல், பந்து கட்டுக்குள் நிற்காமல் தடுமாறியவர். அவரை ரிலீவர் ஆக்கியதே அதற்குப் பின்தான். பதில் கிடைத்த கேள்வியை பாஸ்டன் மறுபடி கேட்டது.

சரி, சசாகி. ஜப்பானில் 2022 ஏப்ரலில் 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு பெர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்டர்கூட பேஸ் ஏறாத ஆட்டம்) வீசிய ஸ்டார்ட்டர். 2025இல் அமெரிக்காவில் 8 ஆட்டம் தொடங்கி, தோள்பட்டை வலியோடு மே மாதம் ஒதுங்கினார். செப்டம்பர் கடைசியில் ரிலீவராகத் திரும்பி அக்டோபரில் 3 சேவ். பிலடெல்பியாவுக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 3 இன்னிங்ஸ் வந்து ஒன்பது பேரையும் வரிசையாக அனுப்பினார். அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் செய்தது சரியான காரியம். முழு நீளம் வீச அவர் கை அப்போது தயாராக இல்லை, அணிக்கும் கடைசி இன்னிங்ஸுக்கு ஆள் இல்லை. அதை வைத்து 23 வயதுக்காரரின் வேலையை நிரந்தரமாக முடிவு செய்ய நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எட்டு ஆட்டம் ஒரு பதிலே இல்லை. ஃபாஸ்ட்பாலும், கடைசி நேரத்தில் கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டரும் இருக்கின்றன. நம்பிப் போடக்கூடிய மூன்றாவது பந்து ஒன்று வேண்டும். பிப்ரவரியில் ஸ்டார்ட்டர் என்று சொல்லி, செப்டம்பர் வரை அந்தச் சொல்லை மாற்றாமல் இருந்து பார்க்கலாம். நடுவில் தோள் மறுபடி வலித்தால், அல்லது மூன்றாவது சுற்றில் தொடர்ந்து அடி வாங்கினால், குளோசர் இடம் எங்கேயும் போய்விடாது.