விவாகரத்து, குழந்தை, குற்ற வழக்கு: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: குடும்பத் தகராறில் கணவர் என்னைக் கரூரில் உள்ள தாய்வீட்டில் விட்டுச் சென்றுவிட்டார். நான்கு வயது மகள் சேலத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். 'விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் குழந்தையைக் காட்டுவோம்' என்கிறார்கள். எனக்கு வருமானம் இல்லை. மகள் எனக்குக் கிடைப்பாளா?
- வாசகி, கரூர்

பதில்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விவாகரத்து வேறு, குழந்தையின் பொறுப்பு வேறு; விவாகரத்துக் கேட்காமலேயே குழந்தையைக் கேட்டு மனு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், 1956-ஆம் ஆண்டின் இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். ஐந்து வயது முடிந்தால் குழந்தை தானாகவே தந்தையிடம் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்வது தவறு. எந்த வயதிலும் குழந்தையின் நலனே முதன்மையானது என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. உங்களுக்கு வருமானம் இல்லாதது தடையாகாது; குழந்தையின் செலவுக்குத் தந்தை பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும் என்பதால், உங்கள் வழக்கு சேலத்துக்குப் போகக்கூடும். கணவர் வீட்டில் அடி, மிரட்டல், அவமதிப்பு போன்ற கொடுமைகள் நடந்திருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் இப்போது வசிக்கும் கரூரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, அதிலேயே குழந்தையைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் இதற்கு உதவுவார். பெண் என்ற ஒரே தகுதியே போதும், வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். எந்த மனுவாக இருந்தாலும், இறுதித் தீர்ப்பு வரும்வரை குழந்தையைப் பார்க்க இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். தாமதம் செய்ய வேண்டாம். மாதங்கள் கடந்தால், 'குழந்தை எங்களிடமே பழகிவிட்டது' என்ற எதிர்த்தரப்பின் வாதம் வலுத்துவிடும்.

கேள்வி: வரதட்சணைக் கொடுமை என்று மனைவி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். வயதான என் தாயையும், திருமணமாகி வேறு ஊரில் வாழும் தங்கையையும் சேர்த்திருக்கிறார். உடனே கைது செய்வார்களா? அவர் மீது நானும் ஒரு புகார் கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்று அறியப்பட்ட இக்குற்றம், 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 85-ஆவது பிரிவில் வருகிறது. தண்டனை மூன்றாண்டு வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம்தான் என்றாலும், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் புகார் வந்த ஒரே காரணத்துக்காகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கிவிட்டது. கைது அவசியமில்லாதபோது, விசாரணைக்கு ஆஜராகும்படி போலீசார் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். அச்சம் இருந்தால் மூவருக்கும் முன்ஜாமீன் கேட்கலாம்.

தங்கை என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எதுவும் சொல்லாமல், குடும்பத்தார் எல்லோரும் கொடுமைப்படுத்தினார்கள் என்று பொதுவாக மட்டும் எழுதப்பட்டிருந்தால், அவர் மீதான வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை அணுகலாம். இத்தகைய பொதுப்படையான குற்றச்சாட்டுகளை வைத்து உறவினர்களை இழுப்பதை உச்ச நீதிமன்றம் 2024-இலும் கண்டித்துள்ளது. ஆனால் பழிவாங்குவதற்காகப் பொய்ப் புகார் கொடுப்பது உங்களையே குற்றவாளியாக்கும். அதைவிட, மனைவியின் நகைகளும் சீர்ப்பொருள்களும் உங்கள் வீட்டில் இருந்தால் பட்டியலிட்டு, சாட்சிகள் முன்னிலையில் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். அவை அவருக்கே உரியவை; வைத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி வழக்கும் சேரும்.

கேள்வி: இருவரும் பேசிப் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒப்புக்கொண்டோம். எவ்வளவு காலம் ஆகும்? என் மீதுள்ள வரதட்சணைக் கொடுமைக் குற்ற வழக்கு அத்துடன் முடிந்துவிடுமா?
- வாசகர், மதுரை

பதில்: குற்ற வழக்கு தானாக முடியாது. கணவன் மனைவி சமாதானமானாலும் விசாரணை நீதிமன்றத்தில் இதை ராஜி செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. மனைவியின் ஒப்புதலைக் காட்டி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து உத்தரவு பெற வேண்டும். இதைச் சமரச ஒப்பந்தத்திலேயே எழுதி, மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகையின் கடைசித் தவணையை ரத்து உத்தரவு நாளில் கொடுப்பதாக வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போட ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் மேலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, எல்லாப் பிரச்சினைகளையும் பேசித் தீர்த்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. குழந்தை இருந்தால் இன்னொன்று: மனைவி தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம், குழந்தைக்கு உரியதை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. அதற்கான தொகையை இப்போதே ஒப்பந்தத்தில் தனியாக எழுதிவிடுங்கள்.