மேடைக்கு முன்னால் சீருக்கு இடம் பாருங்கள்

கேள்வி: எங்களுக்குக் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். வாழையும் மஞ்சளும் போடுகிற குடும்பம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம், ஈரோட்டில் மண்டபம் பேசியாகிவிட்டது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை ஆறரைக்கு முகூர்த்தம். கொங்கு வழக்கப்படி, சடங்கு செய்துவைக்கிற அருமைக்காரரை வைத்துத்தான் சீரெல்லாம் (கல்யாணச் சடங்குகள்). அலங்காரத்துக்கு 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். கோவைக்காரர் ஒருவர் பேக்கேஜ் என்று 4,60,000 கேட்கிறார். ஈரோட்டுக்காரர் 2,10,000 சொல்கிறார். எங்கள் ஊர்ப் பந்தல்காரர் 85,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். மகள் கோவையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். போனில் படத்தைக் காட்டி, முழுக்க வெள்ளைப் பூவாக, மேலிருந்து சரம் சரமாகத் தொங்க வேண்டும் என்கிறாள். மணவறை வெள்ளை வெளேரென்று இருந்தால் நல்லாவா இருக்கும் என்று மாமியார் கேட்கிறார். ‘ஒரே பொண்ணு, கடன வாங்கியாவது கோவைக்காரருக்கே குடுத்துரலாம்’ என்கிறார் வீட்டுக்காரர். யாரைப் பிடிப்பது, எவ்வளவு செலவு செய்வது? - ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடன் பேச்சை விட்டுவிடுங்கள். முகூர்த்தம் முடிந்த அன்றைக்கே கழற்றி லாரியில் ஏற்றிவிடுகிற அலங்காரத்துக்கு வருஷக்கணக்கில் வட்டி கட்ட வேண்டாம். நீங்கள் ஒதுக்கிய 2 லட்சம் சின்னத் தொகையும் இல்லை. அதற்குள்ளேயே மகள் மனம் குளிரச் செய்யலாம், மாமியாரும் குறை சொல்ல மாட்டார்.

மூன்று பேரில் யார் மலிவு என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லையே. ஒருவர் மண்டப வாசலிலிருந்து கார் வரைக்கும் சேர்த்திருப்பார், இன்னொருவர் மேடை மட்டும் என்று நினைத்திருப்பார். அதனால் விலை கேட்பதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, அந்த ஒன்றரை நாளில் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சீர் விவரம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, அவரைச் சொல்லச் சொல்லி மகளை எழுதச் சொல்லுங்கள்.

எழுதிப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வரவேற்பு முடிய இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அதற்கப்புறம்தான் டெகரேஷன் ஆட்கள் சோபாவைத் தூக்கி, பின்னால் இருக்கிற பேனல்களைக் கழற்றி, காலை முகூர்த்தத்துக்கு மணவறை கட்ட ஆரம்பிப்பார்கள். நம் சீர்களில் பாதி நடப்பதும் அதே ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான். மேடையில் ஏணி நிற்கும், தரையெல்லாம் பூக்காம்பும் கம்பித் துண்டும் கிடக்கும். இணைச்சீருக்குப் பெரியவர்கள் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மங்கல வாழ்த்துப் பாடுகிறபோது பின்னால் டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கில் கொடுத்து வைத்த அலங்காரம், எதற்காகக் கல்யாணமோ அதற்கே இடைஞ்சலாகிவிடுகிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டையுமே செய்யுங்கள் என்பேன். ஒன்று, இரண்டு வேளைக்கும் ஒரே பின்னலங்காரம் போதும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். மாலையில் அதற்கு முன்னால் சோபா, காலையில் சோபா போய் மணவறை. ராத்திரி முழுக்கக் கழற்றி மாட்டுகிற கூலி மிச்சம், பூவும் மிச்சம். இரண்டு, சீருக்கென்று மேடைக்குக் கீழேயோ மண்டபத்து முன்வாசலிலோ தனி இடம் ஒதுக்குங்கள். நான்கு மூலையிலும் உங்கள் தோட்டத்து வாழை, மேலே குருத்தோலைத் தோரணமும் மாவிலையும், கீழே நல்ல பவானி ஜமக்காளம். அவ்வளவு போதும், நிறைந்துவிடும். அருமைக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து செய்வார், சுற்றி நிற்கிற மாமன், மச்சான், பங்காளி எல்லாருக்கும் கண்ணாரத் தெரியும். போட்டோக்காரர்களும் இந்த இடத்தை விடவே மாட்டார்கள்.

இந்தச் சீர் இடத்தையும் வாசலையும் உங்கள் ஊர்ப் பந்தல்காரரிடம் கொடுங்கள். முகூர்த்தக்கால் நடுவது, குலையோடு வாழை கட்டுவது, இளநீர்க் குலை தொங்கவிடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. நகரத்து ஆட்களிடம் இதைக் கேட்டால் ‘டிரெடிஷனல் தீம்’ என்று தனிக் காசு போடுவார்கள். வரவேற்பு மேடையை அவரிடம் கொடுக்க வேண்டாம், அது வேறு வேலை. மேடைக்கு ஈரோட்டுக்காரரைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்தால் நிம்மதி என்று வீட்டுக்காரர் சொல்லலாம். ஆனால் இந்த மாதிரிப் பேக்கேஜ்களில் உங்களுக்குத் தேவைப்படாத சாமான்கள் நிறைய இருக்கும்: செல்பி பாயின்ட், புகை விட்டு என்ட்ரி, பேப்பர் பிளாஸ்ட், இப்படி.

வெள்ளைப் பூ விஷயத்தில் மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சம்பங்கி வெள்ளைதானே? தலைமுறை தலைமுறையாக நம் மாலைகளில் இருப்பதும் அதுதான். சத்தியமங்கலத்தில் விளைகிற சம்பங்கியைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டால் அவள் காட்டிய படத்தின் சாயல் வந்துவிடும், வாசனையும் மண்டபம் முழுக்க நிற்கும். இடையிடையே மரிக்கொழுந்துப் பச்சையும், சரத்தின் நுனியில் கோழிக்கொண்டைச் சிவப்பும் வைக்கச் சொல்லுங்கள். மாமியார் கண்ணுக்கு அது மங்களகரமாகத் தெரியும். அரக்குப் பட்டு கட்டிப் பெண் அதன் முன்னால் உட்கார்ந்தால் முகம் எடுப்பாக இருக்கும். ஒன்று மட்டும், தொங்கும் சரத்தின் நுனி மேடைத் தளத்திலிருந்து ஏழரை அடிக்குக் கீழே வரக் கூடாது. உருமால் (தலைப்பாகை) கட்டிய மாப்பிள்ளை எழுந்து நின்றால் தலையில் இடிக்கும், பெண்கள் கொண்டையில் சிக்கும்.

உங்களுடையது தை மாதக் கல்யாணம் என்பதால் பூக்கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் விலை அன்றன்றைக்கு ஏலத்தில்தான் முடிவாகிறது. மார்கழி, தைப் பனியில் மல்லி விளைச்சல் படுத்துவிடும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் போகும். அந்த விலைக்கு மல்லியை வாங்கி மேடையில் கட்டுவது வீண். மொட்டாகக் கட்டினாலும் அன்று ராத்திரியே விரிந்து, காலை முகூர்த்தத்துக்குள் பழுத்த நிறத்துக்கு வந்துவிடும். மல்லியும் முல்லையும் பெண்கள் தலைக்கு இருக்கட்டும். மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, கூடவே நீலகிரியிலிருந்து வருகிற கார்னேஷன், ஜெர்பரா மாதிரி விளக்குச் சூட்டையும் தாங்கி நிற்கிற பூக்கள் சரியாக வரும். ‘பிரெஷ் பூ’ என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள். எந்தப் பூ, எத்தனை கிலோ அல்லது எத்தனை கட்டு, அன்றைக்கு விலை ஏறிவிட்டால் அதற்குப் பதில் எந்தப் பூ என்று எழுதச் சொல்லுங்கள். உயரத்தில், கை எட்டாத இடத்தில் துணிப்பூ வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மணவறையைச் சுற்றிக் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பதெல்லாம் நிஜப்பூவாக இருக்க வேண்டும்.

உங்கள் 2 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். மேடைக்கு, இரண்டு வேளையும் சேர்த்து, 90,000. விளக்கு, ஒயரிங் வேலைக்கு 25,000. வாசலுக்கும் நடைபாதைக்கும் 20,000. சீர் இடத்துக்கு 15,000, வாழை உங்களுடையது என்பதால் இதுவே தாராளம். மாலை, தலைப்பூ, உதிரிப்பூவுக்கு 30,000. இதை டெகரேஷன்காரர் கணக்கில் சேர்க்காமல் நேராகப் பூக்காரரிடம் நீங்களே பேசுங்கள். மிச்சம் 20,000-ஐத் தொடாமல் வைத்திருங்கள். கடைசி நேரத்தில் பூ விலை ஏறும், சம்பந்தி வீட்டார் ஏதாவது கேட்பார்கள், அதற்கு இருக்கட்டும்.

ஈரோட்டுக்காரர் சொன்ன 2,10,000 ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டீர்களா? இந்த வேலைக்கு 18 சதவீதம் வரி. சேர்க்காமல் சொல்லியிருந்தால் இன்னும் 37,800 மேலே வரும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் தொழில் செய்கிற சின்ன ஆட்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் அவர்கள் ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கவும் கூடாது. வரி வாங்குகிறவர் பில்லில் தன் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும். அவரிடம் மேடை, விளக்கு இரண்டுக்கு மட்டும், வரியோடு சேர்த்து, புதிதாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். பூ, பேனல், துணி, விளக்கு, வண்டி வாடகை, ஆள் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை இருக்கட்டும். அப்போதுதான் எதைக் குறைத்தால் எவ்வளவு குறையும் என்று தெரியும். மொத்தமாகப் பேரம் பேசினால் விலை குறையும், சத்தமில்லாமல் பூவும் குறையும்.

மண்டபத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மண்டபங்களில் அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டும், வெளியாள் வந்தால் தனிக் கட்டணம். கரண்ட், ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், சுவரில் ஆணி அடிக்கலாமா, எல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டும்.

ஆளை எடைபோட போன் படம் போதாது, அது யார் செய்த வேலையோ. இந்த ஆவணி முகூர்த்தங்களில் அவர் செய்கிற ஒரு மேடையை நேரில் போய்ப் பாருங்கள். ராத்திரி ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை. காலையில் பூ எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் நடந்து பாருங்கள். பலகை ஆடுகிறதா, கார்பெட்டுக்கு அடியில் ஆணித்தலை தட்டுப்படுகிறதா என்று காலே சொல்லிவிடும். மணமக்களும் பெரியவர்களும் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது. அப்புறம் நேராகவே கேளுங்கள்: ‘எங்க கல்யாணத்தன்னைக்கு வேற எத்தனை கல்யாணம் எடுத்திருக்கீங்க? எங்க மேடைக்கு ராத்திரி பூரா யார் நிப்பாங்க?’ பெயரைச் சொல்லிப் பதில் சொல்கிறவரை நம்பலாம். தை வளர்பிறை முகூர்த்தத்தில் ஒரே நாளில் நான்கைந்து மண்டபம் ஒப்புக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு அரைகுறை மேடையோடு போனை அணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று ஒயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் போனது. அதுவும் இதே மாதிரி ஒரு தை முகூர்த்தம். நெட் துணியும் சாட்டினும் சுலபமாகத் தீப்பிடிக்கும். சூடாகும் விளக்குகள் துணியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், ஒட்டுப்போட்ட ஒயர் மேடைக்கு அடியில் ஓடக் கூடாது, குத்துவிளக்கும் கற்பூரமும் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் துணியே வேண்டாம். மேடைப் பக்கம் ஒரு தீயணைப்பு சிலிண்டரும், அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும் இருக்கட்டும். வாசல் அலங்காரம் மண்டபத்துக் காம்பவுண்டுக்குள்ளேயே நிற்கட்டும், ரோட்டை மறித்து வளைவு வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பேசி முடிக்கும்போது கால்வாசி, முதல் நாள் சாமான் மண்டபத்தில் இறங்கியதும் பாதி, மிச்சக் கால்வாசி முகூர்த்தம் முடிந்து நீங்கள் மேடையைப் பார்த்த பிறகு. எந்தத் தொகையையும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கல்யாணத்தன்று காசு கொடுக்க உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ நேரம் இருக்காது, உங்கள் தம்பியையோ மச்சானையோ அந்தப் பொறுப்புக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மகளை இந்த வாரமே ஊருக்கு வரச்சொல்லி, உங்கள் மாமியாரோடு உட்கார வைத்து அந்தத் தாளை எழுதி முடியுங்கள். ஆவணியில் இரண்டு மேடையாவது பார்த்துவிடுங்கள். ஐப்பசி முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். கார்த்திகைக்குத் தள்ளிப்போனால் தை முகூர்த்தத்துக்கு நல்ல ஆட்கள் எல்லாருமே கைநிறைய வேலை பேசி முடித்திருப்பார்கள்.